கூர்ப்பும் வடிவமைப்பு வாதமும்: மட்டக்களப்பு வகுப்பறையை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம், விஞ்ஞானம் இரண்டும் கட்டாயப் பாடங்கள். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் சைவநெறி, இஸ்லாம், கிறிஸ்தவம், கத்தோலிக்கம் ஆகியவற்றை அந்தந்தச் சமயத்துப் பிள்ளைகள் கற்கிறார்கள். அவர்களுள் உயிரியல் பிரிவுக்குச் செல்வோர் உயர்தரத்தில் உயிரங்கிகளின் கூர்ப்பைப் படிக்கிறார்கள். உயிர்களின் சிக்கலான உறுப்பமைப்பு அறிவுள்ள ஒரு வடிவமைப்பாளரைச் சுட்டுகிறது என்றும், இதையும் கூர்ப்புக்கு இணையாக விஞ்ஞானப் பாடத்தில் கற்பிக்க வேண்டும் என்றும் கோருவது அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கை. அமெரிக்க அரசுப் பாடசாலைகளில் சமயத்தைப் போதிக்க அரசியலமைப்பு இடமளிக்காத சூழலில் எழுந்த கோரிக்கை அது. சமயத்துக்குத் தனிப் பாடவேளை உள்ள இந்நாட்டில் அந்தக் கொள்கை விஞ்ஞான வகுப்புக்குள் வர வேண்டுமானால், விஞ்ஞானம் என்ற தகுதி ஒன்றினாலேயே வர முடியும். அந்தத் தகுதி அதற்கு இல்லை என்பதும், விஞ்ஞானமாக வேடமிடும்போது சமயமும் தன் மதிப்பை இழக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அதன் வரலாற்றைப் பார்க்கலாம். படைப்பு வாதத்தைக் கூர்ப்போடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் செல்லாததாக்கியது. இதன் பின்னர் ‘பாண்டாக்களும் மக்களும்’ என்ற பாடநூலின் வரைவில் ‘படைப்பு’ என வந்த இடங்களில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ எனப் பெயர் மாறியது. வாதம் பெரிதும் மாறவில்லை. 2004இல் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் கல்விச் சபை, உயிரியல் வகுப்பில் இக்கொள்கையைக் குறிப்பிடும் அறிக்கையொன்றை வாசிக்கப் பணித்தபோது பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அப்பாடநூலின் பழைய வரைவுகள் அவ்வழக்கில் சான்றாக முன்வைக்கப்பட்டன. இக்கொள்கை விஞ்ஞானமன்று என்று நீதிபதி ஜோன் ஜோன்ஸ் 2005 டிசம்பர் 20ஆம் நாள் தீர்ப்பளித்தார். இக்கொள்கையை ஆதரிக்கும் முதன்மை உயிரியலாளரான மைக்கேல் பீஹி, விஞ்ஞானக் கோட்பாட்டுக்குத் தாம் தரும் வரைவிலக்கணத்தின்படி சோதிடமும் அதனுள் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்பதும், எந்த நீதிமன்றம் அதை நிராகரித்தது என்பதும் அதன் உண்மையைத் தீர்மானிக்கப் போதா. சான்றின் முன் அது எப்படி நிற்கிறது என்பதே கேள்வி.

அச்சோதனைக்கு வாவிக்கரையே போதும். கண்டல், கண்ணா, தில்லை ஆகிய மூன்றும் உவர்ச் சேற்றில் வளர்பவை. பார்வைக்கு ஒரே கூட்டம் போலத் தோன்றுபவை. ஆனால் கண்டல் தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடித்து நிறுத்துகிறது. அவிசீனியா இனமான கண்ணா இலைச் சுரப்பிகள் வழியே உப்பை வெளியேற்றுகிறது. வாழிடம் ஒன்று, உபாயம் வேறு. பொதுவான மூதாதையரிலிருந்து கிளைத்த தரைத் தாவரங்கள் தனித்தனியே உவர்நிலத்துக்கு இசைவாகியிருந்தால், இவற்றின் நெருங்கிய உறவுகள் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள தரைத் தாவரங்களிடையே காணப்பட வேண்டும். மரபணு ஒப்பீடு அதையே காட்டியது: கண்ணா ஆடாதோடையின் குடும்பத்தில் சேர்கிறது, தில்லை ஆமணக்கின் குடும்பம், கண்டல் தனிக் குடும்பமாயினும் ஆமணக்கு அடங்கும் வரிசையைச் சேர்ந்தது. முடிவு வேறாக வந்திருந்தால் கூர்ப்புக் கருதுகோள் இங்கே அடிபட்டிருக்கும். வடிவமைப்புக் கொள்கைக்கு அத்தகைய ஆபத்து எதுவும் இல்லை. மூன்றும் ஒரே உபாயத்தைக் கையாண்டிருந்தால் அது வடிவமைப்பாளரின் சிக்கனம். வெவ்வேறாக இருந்தால் அவருடைய பன்முகத் திறன். எந்த அவதானிப்புக்கும் பொருந்துகின்ற கூற்று எந்த அவதானிப்பையும் விளக்குவதில்லை.

கூர்ப்பைப் பற்றி விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டே, அதையாவது மாணவர் அறிய வேண்டாமா என்பது அடுத்த ஆட்சேபம். அறியத்தான் வேண்டும். வாவியில் வாழும் எட்ரோப்ளஸ் என்ற மீனினத்தின் நெருங்கிய உறவினம் மடகஸ்காரில் உள்ளது. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது இவை பிரிந்தன என்பது ஒரு தரப்பு. இம்மீன் குடும்பம் அப்பிளவைவிட இளையது, கடல் கடந்தே பரவியிருக்க வேண்டும் என்பது மறு தரப்பு. இரு தரப்பும் புதைபடிவங்களின் வயதையும் மரபணு மாற்றங்களின் கணக்கையும் கொண்டே வாதிடுகின்றன. தர்க்கம் பிரிவின் காலத்தையும் வழியையும் பற்றியது. பொது மூதாதையர் இருந்ததை இரு தரப்பும் ஏற்கின்றன. இத்தகைய விவாதத்தை வகுப்பில் எடுத்துரைப்பது கூர்ப்பைப் பலவீனப்படுத்தாது. சான்று எவ்வாறு எடைபோடப்படுகிறது என்பதை மாணவருக்குக் காட்டும்.

வலுவான ஆட்சேபம் நம் மரபிலிருந்தே எழக்கூடியது. சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு கருத்தா உண்டு என்று சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே நிறுவுகிறது. குடத்துக்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல உலகுக்கு மாயையும் சக்தியும் சிவனும் காரணங்கள் என்பது சித்தாந்த விளக்கம். தொடக்கமுடைய யாவற்றுக்கும் காரணம் உண்டு என்ற வாதத்தைக் கலாம் எனப்படும் இஸ்லாமிய இறையியல் மரபில் கஸ்ஸாலி முன்வைத்தார். அவ்வாறாயின் வடிவமைப்பு வாதத்தை அந்நியச் சரக்கென்று எப்படித் தள்ளுவது? தள்ள வேண்டியதில்லை, வேறுபாட்டைக் கண்டால் போதும். சித்தாந்தமும் கலாமும் உலகம் முழுவதற்கும் காரணம் கேட்கின்றன. குறித்த ஓர் உறுப்பு படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்பதன் மேல் அவை நிற்கவில்லை. பீஹியின் வாதமோ பக்டீரியாவின் கசையிழை போன்றவற்றுக்கு விளக்கம் இன்னும் முழுமையாகவில்லை என்பதிலேயே நிற்கிறது. ஆய்வு ஒரு படி முன்னேறினால் அவ்வாதத்தின் கடவுளுக்கு ஓர் இடம் குறைகிறது. சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பிறவிகளை அடுக்கிக் கூறுவதை டார்வினுக்கு முன்னோடியாகக் காட்டுவதும் இதே தவறின் மறுபக்கம். அங்கே பேசப்படுவது ஓர் உயிர் உடல் மாறிப் பிறப்பது. கூர்ப்புப் பேசுவது தலைமுறைகள் தோறும் குடித்தொகையில் நிகழும் மாற்றம். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் இராமகிருஷ்ண மடத்துத் துறவியுமான விபுலானந்த அடிகளைத் தந்த மண்ணில், இவ்விரு துறைகளையும் குழப்பாமலே இரண்டையும் பேணலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சமய உணர்வு புண்படும் என்று கருதிப் பாடத்தையே தவிர்த்துவிடலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. இந்தியாவில் பாடநூல்களை வெளியிடும் அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறிப் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து கூர்ப்பை நீக்கியபோது, 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டு எதிர்த்தனர். அங்கே பதினோராம் வகுப்பில் உயிரியலைத் தெரிவு செய்யாதவர் கூர்ப்பைக் கல்லாமலே பாடசாலையை விட்டு வெளியேறும் நிலை அதனால் உண்டானது. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பக்டீரியா ஏன் பணிவதில்லை, பூச்சிகொல்லி சில போகங்களில் ஏன் பலனற்றுப்போகிறது என்பவை வைத்தியசாலைக்கும் வயலுக்கும் உரிய கேள்விகள். இயற்கைத் தேர்வு அறியாமல் அவற்றுக்கு விடையில்லை. மறுபுறம், விஞ்ஞானப் பாடம் மாணவரிடம் விசுவாச அறிக்கை எதையும் கேட்கக் கூடாது. கூர்ப்பை நம்புகிறாயா என்ற வினாவுக்குப் பரீட்சைத்தாளில் இடமில்லை. கண்ணாவையும் ஆடாதோடையையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கும் முடிவு எச்சான்றிலிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்ற வினாவுக்கு உண்டு. இதற்கு விடை எழுத ஒரு பிள்ளை தன் பள்ளிவாசலையோ கோயிலையோ தேவாலயத்தையோ துறக்க வேண்டியதில்லை. நான்கு சமயப் பாடங்கள் நடக்கும் பிரதேசத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தைக் கற்பது விஞ்ஞானம் போன்ற வகுப்புகளில்தான். எந்தச் சமயத்தின் வடிவமைப்பாளர் என்ற கேள்வியை அங்கே கொண்டுவருவது அந்தப் பொது இடத்தையும் பிரித்துவிடும்.