இஸ்லாமாபாத்தில் ஒரு பொய்

கழக்கூட்டத்துக்கு வடக்கே, கடலோர அஞ்சுதெங்கில் 1905-இல் பிறந்த ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைப் போன வாரம் பார்த்தோம். 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி அச்சகத்தைப் பறிமுதல் செய்த திருவிதாங்கூர் அரசு, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை ஆரல்வாய்மொழி தாண்டி நாடு கடத்தியது. அவர் மோதியது உள்ளூர் திவானோடு. எதிரி நாட்டுக்காரர் வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுத்தவர் கதை வேறு.

1987 ஜனவரி. ‘பிராஸ்டாக்ஸ்’ போர்ப் பயிற்சி என்று இந்தியப் படைகள் ராஜஸ்தானில் குவிந்திருக்க, எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானும் படைகளை நகர்த்தியது. அந்த நேரத்தில், 28-ஆம் தேதி, பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் முன்னால் உட்கார்ந்திருந்தார் இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார். சியால்கோட்டில் பிறந்தவர், எமர்ஜென்சியில் சிறைக்குப் போனவர். அழைத்துச் சென்றவர் பாகிஸ்தானின் ‘தி முஸ்லிம்’ நாளிதழ் ஆசிரியர் முஷாஹித் ஹுசைன். டேப் ரெக்கார்டர் கிடையாது, குறிப்பும் எடுக்கவில்லை.

அணுகுண்டு பற்றிக் கான் பிடிகொடுக்கவில்லை. நய்யார் ஒரு கதை கட்டினார்: “ஹோமி சேத்னாவைப் பார்த்தேன். பாகிஸ்தானிடம் ஆளும் இல்லை, பொருளும் இல்லை, ஏன் வீணாகப் போகிறாய் என்றார்.” சேத்னா 1974 பொக்ரான் சோதனையின்போது இந்திய அணுசக்தி ஆணையத் தலைவர். கானுக்குச் சுருக்கென்று தைத்தது. எங்களிடம் இருக்கிறது என்று வெடித்துவிட்டார். சேத்னா பேச்சு தாம் புனைந்தது என்பதை நய்யாரே பின்னாளில் எழுதினார்.

இது தகுமா? பொய் சொன்னதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. சீண்டப்பட்ட மனிதர் சொல்வது வாக்குமூலமா, வீறாப்பா? வாசகர் அதை எடைபோட வேண்டுமானால், சீண்டிய கதையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இன்னொன்று: பலத்த காவலில் இருந்த கானை, அதுவும் அந்த வாரத்தில், ஓர் இந்தியர் அரசுக்குத் தெரியாமல் சந்தித்திருக்க முடியுமா? டெல்லிக்கு மிரட்டல் அனுப்பத்தான் கதவு திறந்தது என்று பலர் சந்தேகித்தார்கள். தூண்டில் போட்டவர் யார், மீன் யார்?

மிரட்டல்தான் என்றாலும் தாமதமாகத்தான் வந்தது. லண்டன் ‘அப்சர்வர்’ பேட்டியை வெளியிட்டது மார்ச் 1-ஆம் தேதி. படைகளை விலக்க பிப்ரவரியிலேயே உடன்பாடு ஆகிவிட்டது. பேட்டியே தரவில்லை என்று கான் மறுத்தார். அதே மார்ச்சில் ‘டைம்’ இதழிடம், நினைத்தால் குண்டு செய்ய முடியும் என்று பாகிஸ்தான் அதிபர் ஜியாவே சொல்லிவிட்டார்.

நய்யாருக்கு இங்கே ஒன்றும் ஆகவில்லை. 1990-இல் லண்டனுக்கு இந்தியத் தூதராகவே போனார். ஆசிரியர் பதவியை இழந்தவர் முஷாஹித். 1998 மே 28-ஆம் தேதி சாகாய் மாவட்டத்தில் பாகிஸ்தான் அணுகுண்டு வெடித்தபோது, அந்நாட்டின் தகவல் துறை அமைச்சர் அவர்தான்.