வண்டிப்பாதை

சிறுவயதில் அப்பாவோடு மாட்டுவண்டியில் சந்தைக்குப் போன பாதையில் இன்று சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. டவுன் பஸ் வந்ததும் வண்டிகள் நின்றன. பின்னர் பக்கத்தில் கல்குவாரி வந்தது. "யாரும் போகாத பாதைதானே" என்று குறுக்கே கழிவுக்கல்லைக் கொட்டினார்கள். ஊர்க்காரர்கள் கிராமக் கணக்கைப் பார்த்தோம். அ-பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றே இருந்தது.

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பொதுப்பாதை அரசின் சொத்து; அதில் போய்வரும் உரிமை மக்களுடையது. நடமாட்டம் நின்றதால் மட்டும் அது பட்டா நிலமாகிவிடாது.

மதுரை கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014ல் உயர்நீதிமன்றம் உ. சகாயத்தை நியமித்தபோதும் புறம்போக்கு நிலங்கள்தான் பெரிய பேச்சு.

எங்கள் பாதையில் கொட்டிய கல்லை அள்ளிவிட்டார்கள். ஆனால் பாதையையே வெட்டிப் பள்ளமாக்கியிருந்தால்? உங்கள் ஊர்ப் புலப்பட நகலை இப்போதே வாங்கி வையுங்கள்.