பூநாரைக்குப் போதும், கப்பலுக்குப் போதாது: பழவேற்காட்டில் நங்கூரம்

மேப்பில் பழவேற்காடு ஏரியைப் பார்த்தால் எவருக்கும் ஒரு கேள்வி வரும். சென்னைக்கு வடக்கே தொடங்கி ஆந்திரத்துக்குள் நீண்டு போகிற உப்பங்கழி அது. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு மதில் மாதிரி படுத்திருக்கிறது. உள்ளே பெரிய அலை கிடையாது. பாய்மரக் கப்பலை நிறுத்த இதைவிட நல்ல இடம் சோழமண்டலக் கரையில் உண்டா? ஆனால் டச்சுக்காரர்களின் பெரிய கப்பல்கள் வெளியே, திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டன. ஏன்?

முதலில் கொஞ்சம் வரலாறு. 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி டச்சு கிழக்கிந்திய கம்பெனி பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தது. 1612-இல் போர்ச்சுகீசியர்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். அவர்கள் தேடி வந்தது துணி. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த தீவுகளில் காசைவிட நம்மூர் நெசவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

சரி, கேள்விக்கு வருவோம். விடை ரொம்ப எளிது: ஆழம். ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். சரக்கு ஏற்றிய பெரிய கப்பல் மிதக்க 4 மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதற்கு முன்னால் முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். இந்தக் கரையில் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மணல் வாய் ஓரத்தில் திட்டாகச் சேரும். மழை வெள்ளம் வந்தால் வாய் அகலும், வறண்டால் சுருங்கும். எங்கள் ஐடி மொழியில் சொன்னால், சர்வர் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, உள்ளே போகிற லைன் குறுகல்!

அதனால் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நின்றன. திறந்த கடலில் நங்கூரத்தைத் தரையோடு பிடித்து நிறுத்துவது அதன் எடை மட்டுமல்ல, கயிற்றின் நீளமும்தான். தண்ணீரின் ஆழத்தைப் போலப் பல மடங்கு கயிறு விட்டால்தான் இழுவை படுக்கையாக விழும், கொக்கி மணலில் புதையும். கயிறு குறைந்தால் கொக்கி நிமிர்ந்து பிடி விட்டுவிடும். சரக்கெல்லாம் படகில்தான் போய் வந்தது. ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகள் இந்தக் கரைக்கே உரியவை. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. துணிப் பொதிகள் மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களையும் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். அமைதியான ஏரிக்கரை என்று எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது.

அக்டோபர் வந்தால் மாலுமிகள் அவசர அவசரமாகக் கரையை விட்டு விலகப் பார்ப்பார்கள். புயல் காலம். 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த லா பூர்தொன்னேயின் பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. ஒதுங்க இடமில்லாத கரையில் நிற்பதன் விலை அது.

இதில் என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. கப்பல்கள் ஓடிப்போகிற அதே பருவத்தில்தான் பறவைகள் வந்து சேர்கின்றன. வடகிழக்கு மழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவரும், ஏரி நிறையும். பூநாரைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். கூழைக்கடாக்கள் மீன் பிடித்துக்கொண்டு போய் பக்கத்து நேலப்பட்டில் குஞ்சு பொரிக்கும். 4 மீட்டர் ஆழம் இருந்திருந்தால் பூநாரைக்கு இங்கே என்ன வேலை? கப்பலை வெளியே நிறுத்திய குறைதான் பறவைக்குச் சோறு.

ஆழமில்லாத நீர் மனிதருக்கும் வீணாகவில்லை. பின்னாளில் வெட்டிய பக்கிங்காம் கால்வாய் இந்த ஏரி வழியாகத்தான் போகிறது. தட்டை அடிப் படகுகளில் சென்னைக்கு விறகும் உப்பும் வந்தன.

1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. பெரிய கப்பல்கள் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும், கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டிய துறைமுகங்களில் நிற்கின்றன. ஆனால் மணல் நகர்வதை நிறுத்தவில்லை. சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் நாம் பார்த்த கதைதானே.

பழவேற்காட்டு மீனவர்களின் பயமும் இதுதான். வாய் அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, வலை காலியாகும், பறவைக்கும் இரை குறையும். 400 வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்கு எதிரியாக இருந்த அந்த மணல்திட்டு, இன்று ஒரு ஊரின் சாப்பாட்டுப் பிரச்சினை. அதனால் இந்த ஏரியைத் துறைமுகக் கண்ணோடு மட்டும் பார்த்துத் திட்டம் போட முடியாது. வாய் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆழமில்லாமலும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை அங்கே போனால், பறவைகளோடு சேர்த்து மீனவர் படகு தள்ளுகிற கழியையும் கவனியுங்கள். அது எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்தாலே போதும், டச்சுக் கப்பல் ஏன் வெளியே நின்றது என்று புரிந்துவிடும்.