குந்திப்புழா: ஒரு ஆற்றுக்காகக் கணக்குப் போட்ட வாத்தியார்கள்

இன்னைக்கு ஒரு ஆற்றோட கதை. அணை வந்திருக்க வேண்டிய, ஆனா வராம போன ஒரு ஆறு.

கோயம்புத்தூர்ல இருந்து ஆனைகட்டி வழியா அட்டப்பாடிக்குள்ள போனா, பவானி ஆற்றங்கரையில முக்காலின்னு ஒரு சின்ன ஊர் வரும். அங்கிருந்து ஜீப்ல 23 கிலோமீட்டர் காட்டுக்குள்ள போனா சைரந்திரி. அங்க இருக்கற கண்காணிப்புக் கோபுரத்துல ஏறிப் பார்த்தா, ரெண்டு மலைக்கு நடுவுல கீழே ஓடுது குந்திப்புழா. சைரந்திரிங்கறது திரௌபதியோட இன்னொரு பேரு. குந்தி யாருன்னு உங்களுக்கே தெரியும். ஆனா வெள்ளைக்காரங்க அந்தப் பள்ளத்தாக்குக்கு வெச்ச பேரு சைலன்ட் வேலி. சில்வண்டு சத்தமே கேட்காத காடு, அதனால அந்தப் பேருன்னு ஒரு கதை உண்டு. சைரந்திரிங்கற பேரைத்தான் அவங்க வாயில அப்படி மாத்திட்டாங்கன்னு இன்னொரு கதையும் உண்டு.

அந்த இடத்துல ஒரு அணை கட்டலாம்னு 1928லயே பொறியாளர்கள் குறிச்சு வெச்சிருந்தாங்க. ரெண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவுல குறுகலான வழி, வருஷம் முழுக்க தண்ணி. ஒரு பொறியாளருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. 1973ல திட்டக் குழு அனுமதி கொடுத்தது. ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்துல அணை. முதல் கட்டமா 120 மெகாவாட் மின்சாரம். கீழே 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். மூழ்கப்போற காடு 8 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

இப்ப ஒரு நிமிஷம் அந்தக் காலத்து மலபார்ல ஒரு கிராமத்துல நீங்க இருக்கறதா நினைச்சுக்கங்க. வீட்டுல கரண்ட் இல்ல. பக்கத்துல தொழிற்சாலை இல்ல. படிச்ச பையன் வேலை தேடி வளைகுடாவுக்குப் போயிட்டான். அரசாங்கம் வந்து, உங்க மாவட்டத்துலயே மின்சாரம் எடுக்கப்போறோம்னு சொல்லுது. நீங்க எதிர்ப்பீங்களா? நான் எதிர்த்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கறேன். கேரளாவுல கிட்டத்தட்ட எல்லாப் பெரிய கட்சிகளும் இந்த அணைக்கு ஆதரவு. இடது, வலதுன்னு வித்தியாசம் கிடையாது. இந்தக் கதைக்கு எடை வர்றதே இங்கதான். எதிர்ல நின்னவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல. அவங்க கேட்டது வெளிச்சம்.

அப்போ அணை வேண்டாம்னு சொன்னது யாரு?

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்னு ஒரு அமைப்பு. 1962ல கோழிக்கோட்டுல, மலையாளத்துல அறிவியல் எழுதணும்னு ஆசைப்பட்டவங்க சேர்ந்து தொடங்கினது. பள்ளிக்கூட வாத்தியார்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், பொறியாளர்கள், அரசு ஊழியர்கள். யாருக்கும் இதுக்குச் சம்பளம் இல்ல. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இவங்க நேரம். இவங்கள்ல ஒருத்தர் எம்.கே. பிரசாத், தாவரவியல் பேராசிரியர். அவர் 1977ல பரிஷத்தோட ‘சாஸ்திரகதி’ பத்திரிகையில, இந்தக் காட்டை ஏன் விட்டு வைக்கணும்னு ஒரு கட்டுரை எழுதினார். பெரிய சண்டை தொடங்கினது வெளியில இல்ல, பரிஷத்துக்குள்ளயே. மின்வாரியத்துல வேலை பார்க்கற உறுப்பினர்களும் அதுல இருந்தாங்களே! விவாதிச்சு விவாதிச்சு, 1978 அக்டோபர்லதான் அணை வேண்டாம்னு ஒரு முடிவுக்கு வந்தாங்க.

இந்த இடத்துல சோலைமந்தியைப் பத்திச் சொல்லணும். சிங்கவால் குரங்குன்னும் சொல்வாங்க. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுத்தி வெள்ளிப் பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது. இது மரத்துலயே வாழற விலங்கு. வெடிப்பலா மாதிரியான மழைக்காட்டு மரங்களோட பழத்தையும் விதையையும் நம்பி இருக்கறது. கிளைக்குக் கிளை தொடர்ச்சி இருந்தாதான் ஒரு கூட்டம் நடமாட முடியும். காட்டை நடுவுல வெட்டினா, ரெண்டு பக்கமும் இருக்கற கூட்டம் தனித்தனித் தீவு ஆயிடும்.

அரசுத் தரப்பு வாதம் என்னன்னா, மூழ்கறது மொத்தக் காட்டுல பத்துல ஒரு பங்குதானே? கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எந்தப் பத்துல ஒரு பங்குங்கறதுதான் கேள்வி. அணை நீர் நிரப்பறது ஆற்றோரத்தை, பள்ளத்தாக்கோட நடுவை. அதோட அணை கட்ட ரோடு வேணும், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு இடம் வேணும், விறகு வேணும். அது வரைபடத்துல போட்ட நீலக் கோட்டோட நிக்காது.

ஆனாலும் குரங்கை மட்டும் காட்டி ஜெயிக்க முடியாதுன்னு பரிஷத்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ‘மனுஷன் முக்கியமா, குரங்கு முக்கியமா’ன்னு மேடைக்கு மேடை கேலி நடந்துக்கிட்டு இருந்தது. அதனால அவங்க எதிராளியோட மைதானத்துலயே இறங்கினாங்க. ஒரு உயிரியல் ஆள், ஒரு பொருளாதார ஆள், மின்சாரம் தெரிஞ்ச பொறியாளர்கள்னு ஒரு குழு உட்கார்ந்து, 1979ல ஒரு அறிக்கை போட்டாங்க. இந்த மின்சாரத்துக்கு வேற வழி இருக்கா? அப்போ கேரளா பக்கத்து மாநிலங்களுக்கு மின்சாரம் விற்கற மாநிலம். மலபாருக்கு கரண்ட் போய்ச் சேராததுக்குக் கம்பி வடமும் விநியோகமும் சரியில்லாததும் ஒரு காரணம்தானே? அனல் மின் நிலையம் வெச்சா என்ன? இப்படிக் கேட்டாங்க. ஆமா, நிலக்கரி. இன்னைக்கு ஒரு சூழல் ஆர்வலர் அந்தப் பக்கத்தைப் படிச்சா கொஞ்சம் நெளிவார். ஆனா அன்னைக்கு அவங்க ‘வேண்டாம்’னு சொன்னதோட நிக்காம, ‘இதுக்குப் பதிலா இது’ன்னு காகிதத்துல காட்டினாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

கணக்கு ஒரு கை. இன்னொரு கை கவிதை. சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு மாதிரி எழுத்தாளர்கள் களத்துல இறங்கினாங்க. சுகதகுமாரி எழுதின ‘மரத்தினு ஸ்துதி’ கூட்டத்துக்குக் கூட்டம் தொடக்கப் பாட்டாச்சு. பார்க்காத ஒரு காட்டுக்காக, போகாத ஒரு ஆற்றுக்காக, ஊர் ஊரா மக்கள் உட்கார்ந்து கேட்டாங்க. பறவையியலாளர் சலீம் அலி குரல் கொடுத்தார். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன், அப்போ மத்திய அரசுல வேளாண் துறைச் செயலாளர், நேர்ல போய்ப் பார்த்து, இந்தப் பள்ளத்தாக்கை நம்ம நீலகிரி குந்தா காடுகளோட சேர்த்து ஒரே பாதுகாப்புப் பகுதியா ஆக்கலாம்னு யோசனை சொன்னார்.

இதுக்கு நடுவுல சட்டப் போராட்டம். 1979ல கேரள உயர் நீதிமன்றம் வேலைக்குத் தடை கொடுத்தது. 1980 ஜனவரி தொடக்கத்துல வழக்கு தள்ளுபடி. முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. ஆனா அதே மாசம் டெல்லியில இந்திரா காந்தி மறுபடி பிரதமரானார். முழுசா ஆராயற வரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். எம்.ஜி.கே. மேனன் தலைமையில ஒரு குழு அமைஞ்சது. மாதவ் காட்கில் அதுல ஒரு உறுப்பினர். 1983ல அறிக்கை வந்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15, சைலன்ட் வேலி தேசியப் பூங்கான்னு அறிவிப்பு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். 1985 செப்டம்பர்ல ராஜீவ் காந்தி வந்து பூங்காவைத் தொடங்கி வெச்சார்.

ஒரு பிரதமர் மனசு வெச்சதால காடு பிழைச்சதுன்னு சிலர் இதைச் சுருக்கிடுவாங்க. முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா 1976லயே மத்திய அரசு அமைச்ச ஒரு நிபுணர் குழு, இந்தத் திட்டத்தைக் கைவிடறது நல்லதுன்னு சொல்லியிருந்தது. கூடவே, கட்டியே ஆகணும்னா இந்த 17 பாதுகாப்பு நடவடிக்கை எடுங்கன்னு ஒரு பட்டியலும் கொடுத்தது. அரசு அந்தப் பட்டியலை மட்டும் பிடிச்சுக்கிட்டது. நிபுணர் அறிக்கை தனியா நின்னா அதுல ஒரு சந்து எப்பவும் கிடைக்கும். 1976லயும் அறிக்கை இருந்தது, 1983லயும் இருந்தது. நடுவுல வந்தது ஏழு வருஷக் கூட்டம், துண்டறிக்கை, கையெழுத்து, பாட்டு.

கடைசியா ஒண்ணு. இந்தக் கதையை சந்தோஷமா முடிச்சுட்டுப் போயிடலாம். ஆனா ஆறு பூங்கா எல்லையில நிக்கறதில்லையே. குந்திப்புழா கீழே இறங்கி தூதப்புழாவோட சேர்ந்து, பாரதப்புழாவுல கலக்குது. அந்தப் பாரதப்புழாவுல மணல் அள்ளி அள்ளி, பல இடத்துல ஆற்றுப் படுகையில புல்லும் புதரும்தான். அதோட இன்னொரு கிளையான ஆழியாறு நம்ம பொள்ளாச்சிப் பக்கம் அணையில நிக்குது. மேல காப்பாத்தின தண்ணி கீழே வந்து காணாம போகுது. 2000களோட தொடக்கத்துல, பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே பாத்ரக்கடவுங்கற இடத்துல அதே குந்திப்புழாவுல இன்னொரு மின் திட்டமும் பேசப்பட்டது. மறுபடி எதிர்ப்பு எழுந்தது.

எம்.கே. பிரசாத் 2022ல காலமானார். சுகதகுமாரி அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2020 டிசம்பர்ல. நீங்க அடுத்த முறை சைரந்திரி போனா, கோபுரத்துல இருந்து இறங்கி ஆற்றுப் பக்கம் போங்க. அங்க தொங்கு பாலம் இருக்கு. கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க. அணை வந்திருந்தா அந்த இடத்துக்கு என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. அப்புறம் உங்க ஊர் ஆற்றுக்கு இப்படிக் கணக்குப் போட, ஞாயிற்றுக்கிழமை யாரு வீட்டுல இருந்து கிளம்பறாங்கன்னும் யோசிங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.