ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி

சிங்கப்பூர் பாசிர் ரிஸில் என் அத்தை வீட்டில் பழைய கிராமபோன் பெட்டி ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா வாங்கியது. கூடவே ஒரு தகர டப்பா நிறைய ஊசிகள். ஒரு பெட்டிக்கு இத்தனை ஊசி எதற்கு?

எமில் பெர்லினர் தட்டுக் கிராமபோனுக்கு வழி கண்டது 1887இல். கல்கத்தா சியால்டாவில் 1908இல் இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அக்காலத் தட்டு, அரக்கும் கல்தூளும் கலந்தது. கல்தூள் எஃகு ஊசியைத் தேய்த்து, தட்டின் பள்ளத்துக்குப் பொருந்த வைக்கும். தேய வேண்டியது ஊசி, தட்டு அல்ல. ஆகவே ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும்.

நம்மவர்கள் சிக்கனம் பார்த்தார்கள். தாத்தாவும்தான். ஒரே ஊசியை வாரக்கணக்கில் போட, அதன் முனை உளிபோலாகித் தட்டை அறுத்துவிட்டது. இன்று அந்தத் தட்டில் பாட்டைவிட இரைச்சலே அதிகம்.

1948இல் வினைல் நெடுந்தட்டு வந்தது. அதற்கு நீலக்கல் அல்லது வைர முனை. அடிக்கடி மாற்றுவதில்லை, துடைக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் முனையைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். விரல் படக்கூடாது.

அத்தையின் பெட்டிக்கு இந்தத் துடைப்பு போதாது. அதற்கு இன்றும் பக்கத்துக்கு ஒரு புது ஊசிதான்.