‘வேறு மண்ணினர்’: நெதர்லாந்தில் ஒரு சொல்லும் மூன்று தலைமுறைகளும்

ஒல்லாந்தர் என்னும் பெயர் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவர்கள். இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட காலத்தில் சோனகர்களின் வணிகத்துக்குப் பல தடைகளை விதித்தவர்களும் அவர்களே. வணிகத்துக்காகக் கடல் கடந்து நம் கரைகளுக்கு வந்த அந்த நாட்டுக்கு, சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வேறு தேசத்து முஸ்லிம்கள் உழைப்பதற்காகச் சென்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு எவ்வாறு நடத்தப்பட்டார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம். நம் வீட்டுப் பிள்ளைகளும் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அயல்நாடுகளில் வாழும் இக்காலத்தில், இந்த வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

வருந்தி அழைக்கப்பட்டவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தின் தொழிற்சாலைகள் வேகமாக வளர்ந்தன. நெசவாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை செய்ய ஆட்கள் போதவில்லை. எனவே அந்நாட்டு அரசு 1964இல் துருக்கியுடனும் 1969இல் மொராக்கோவுடனும் தொழிலாளர்களை வரவழைப்பதற்கான ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. வந்தவர்களுக்கு ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று பெயரிடப்பட்டது. சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்று அரசு எண்ணியது. அவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். ஆகவே அவர்களுக்கு டச்சு மொழி கற்பிக்க வேண்டும் என்ற அக்கறை எவருக்கும் இருக்கவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடியோடு ஆள்சேர்ப்பு நின்றுபோனது. ஊருக்குச் சென்றால் மீண்டும் வர முடியாது என்ற நிலையில் பலர் அங்கேயே தங்கி, மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய அதே காலத்தில் பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உழைப்பதற்காக அழைக்கப்பட்ட தந்தையர் வேலையின்றி வீட்டில் அமர்ந்திருப்பதைப் பார்த்தே அப்பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இவர்களுக்கு முன்பும் பின்பும் குடியேற்ற நாடுகளிலிருந்து வேறு பலரும் வந்தார்கள். 1951இல் டச்சுக் காலனியப் படையில் பணியாற்றிய மலுக்குத் தீவினர், குடும்பத்தினர் உட்பட ஏறத்தாழ 12,500 பேர் கப்பல்களில் கொண்டுவரப்பட்டு, பழைய முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அவற்றுள் ஒன்றான வெஸ்டர்போர்க், போர்க்காலத்தில் யூதர்களைக் கொலைக்களங்களுக்கு அனுப்பிய முகாமாகும். 1975இல் சுரினாம் விடுதலை பெற்றதையொட்டிப் பெருந்தொகையானோர் நெதர்லாந்தில் குடியேறினர். ஜாவா வழியினரும் வட இந்திய வழியினருமான முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர்.

ஒரு சொல் பிறந்தது

இவ்வாறு வந்து சேர்ந்த பலவகை மக்களை எப்படி அழைப்பது? 1971இல் சமூகவியலாளர் ஹில்டா ஃபெர்வே-யோங்கர் தொகுத்த ஓர் ஆய்வறிக்கை ‘அலோக்டோன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. கிரேக்க வேர்களைக் கொண்ட இச்சொல்லுக்கு ‘வேறு மண்ணைச் சேர்ந்தவர்’ என்று பொருள். தீய நோக்கத்தோடு எழுந்த சொல் அன்று இது. வந்தவர்களுள் பலர் டச்சுக் குடிமக்களாகவே இருந்ததால், ‘அந்நியர்’ என்பதற்கு மாற்றாக நடுநிலையான ஒரு சொல் தேவைப்பட்டது.

ஆனால் நாளடைவில் அது அரசு ஆவணங்களின் சொல்லாக வேரூன்றியது. பெற்றோருள் ஒருவர் வெளிநாட்டில் பிறந்திருந்தாலே போதும், பிள்ளையும் ‘வேறு மண்ணினர்’ என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. பின்னர் அதிலும் மேலைநாட்டினர், மேலைநாட்டினர் அல்லாதார் என்று இரு பிரிவுகள் உண்டாயின. ஜப்பானும் இந்தோனேசியாவும் முதற்பிரிவில் சேர்க்கப்பட்டன. துருக்கியும் மொராக்கோவும் இரண்டாம் பிரிவில் வைக்கப்பட்டன. ரோட்டர்டாமில் பிறந்து, டச்சு மொழியிலேயே சிந்திக்கும் ஓர் இளைஞன், தந்தை மொராக்கோவில் பிறந்தார் என்ற ஒரே காரணத்தால், தான் பிறந்த மண்ணுக்கு உரியவன் அல்லன் என்று ஏட்டில் எழுதப்பட்டான்.

அரசி மாக்சிமா அர்ஜென்டினாவில் பிறந்தவர். தென் அமெரிக்காவும் இரண்டாம் பிரிவிலேயே இருந்தது. எனவே இந்த வரையறையின்படி பட்டத்து இளவரசியும் ‘மேலைநாட்டினர் அல்லாத வேறு மண்ணினர்’ ஆகிறார்! ஆயினும் அரண்மனைப் பிள்ளைகளை எவரும் அவ்வாறு கருதவில்லை. அச்சொல்லின் சுமை முழுவதும் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளின் தோள்களிலேயே விழுந்தது.

சட்டமும் தெருவும்

1983இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் முதல் பிரிவே, அனைவரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்றும் மதத்தாலோ இனத்தாலோ பாகுபாடு காட்டக் கூடாது என்றும் கூறுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கரீபியத் தீவு வழியில் வந்த கெர்வின் டைன்மெயர் என்னும் 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஆம்ஸ்டர்டாமில் குத்திக் கொல்லப்பட்டான். கொன்றவனும் ஒரு பதின்வயதினனே. சட்டம் சொன்னதற்கும் தெருவில் நடந்ததற்கும் இருந்த தூரத்தை அந்நாடு அன்று கண்டது.

எனினும் அந்நாட்டுச் சட்டம் முஸ்லிம்களுக்கு அளித்த நன்மைகளையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டினரும் நெடுங்காலம் போராடி, சமயப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கு இணையான நிதியுதவி வேண்டும் என்ற உரிமையை 1917இல் பெற்றார்கள். அதே உரிமையின் கீழ் 1988இல் முதல் இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிகள் தோன்றின.

2004 நவம்பர் 2ஆம் நாள் திரைப்பட இயக்குநர் தியோ வான் கோக் ஆம்ஸ்டர்டாமில் கொலை செய்யப்பட்டார். கொன்றவன் அந்நகரிலேயே பிறந்த, மொராக்கோ வழி இளைஞன்; அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பது நம் மார்க்கத்தில் பெரும்பாவம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் உடன் என்னும் ஊரில் ஓர் இஸ்லாமியத் தொடக்கப் பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. பல பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. பதிலுக்குச் சில தேவாலயங்களும் தாக்கப்பட்டன. எழுதப் படிக்கப் பழகிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள், எவனோ செய்த குற்றத்துக்காகத் தங்கள் வகுப்பறைகளை இழந்தார்கள்.

பதிவேடுகளின் அநீதி

மக்களை வகைப்படுத்தும் ஏடுகள் எங்கே கொண்டுபோய்விடும் என்பது நெதர்லாந்துக்குத் தெரியாததன்று. நாஜி ஆக்கிரமிப்பின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டச்சு யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொருவரின் சமயத்தையும் குறித்து வைத்திருந்த ஒழுங்கான மக்கள் பதிவேடுகள் அக்கொடுமைக்குத் துணைசெய்தன. 1941 பிப்ரவரியில் யூதர்களுக்கு ஆதரவாக ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த தீரத்தையும் அந்நாடு இன்றளவும் நினைவுகூர்கிறது.

அப்படியிருந்தும் நம் காலத்திலேயே ஏடுகள் மீண்டும் பிழைத்தன. குழந்தைப் பராமரிப்புக்கான அரசு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது வரித்துறை பொய்யாகக் குற்றம் சுமத்தியது. பெற்ற தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு கட்டளையிட்டது. இவர்களுள் பெரும்பங்கினர் குடியேறிகளின் வழிவந்தவர்கள். குடியுரிமை விவரங்களை வரித்துறை கையாண்ட விதம் சட்டவிரோதமானது, பாகுபாடானது என்று தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் அறிவித்தது. கடன் சுமையால் குடும்பங்கள் சிதைந்தன. இக்குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்க்கப்பட்டார்கள். இந்த அநீதிக்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது.

தொழிற்கல்வி பயிலும் மாணவர்கள் சான்றிதழ் பெற வேண்டுமானால் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றாக வேண்டும். பெயரைப் பார்த்தும் தலைத்துணியைப் பார்த்தும் விண்ணப்பங்கள் ஒதுக்கப்படுவதாக இளைஞர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தார்கள். 2023இல்தான் இதற்கு முடிவுகட்ட அரசும் கல்வி நிலையங்களும் முதலாளிகளின் அமைப்புகளும் உடன்படிக்கை செய்துகொண்டன.

மாற்றம் எப்படி வந்தது?

2016இல் ‘அலோக்டோன்’ என்ற சொல்லைப் புள்ளிவிவரத் துறை கைவிட்டது. 2022இல் மேலைநாட்டினர், அல்லாதார் என்ற பிரிவினையும் நீக்கப்பட்டது. இவை தாமாக நிகழவில்லை. கேள்வி கேட்டவர்கள் இருந்ததால் நிகழ்ந்தன. ஐந்தோவன் விமான நிலையத்தில் 2018இல் தோல் நிறத்தால் தனியே நிறுத்திச் சோதிக்கப்பட்ட நகர்மன்ற உறுப்பினர் ம்பான்சு பமெங்கா, மனித உரிமை அமைப்புகளோடு சேர்ந்து நீதிமன்றம் சென்றார். 2021இல் தோற்றார், மனம் தளராமல் மேல்முறையீடு செய்து 2023இல் வென்றார். அத்தீர்ப்பின் பயன் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. எல்லைச் சோதனையில் நிறுத்தப்படும் துருக்கி, மொராக்கோ வழி முஸ்லிம் இளைஞர்களுக்கும் உரியது.

ஓர் இமாமின் மகனாக மொராக்கோவில் பிறந்து, 15 வயதில் நெதர்லாந்து வந்த அகமது அபூதாலிப், 2009 முதல் 2024 வரை ரோட்டர்டாம் நகரின் மேயராக விளங்கினார். மொராக்கோவில் பிறந்த கதீஜா அரீப் 2016இல் நாடாளுமன்றக் கீழவையின் தலைவரானார். இவர்களைக் காட்டி, பாகுபாடே இல்லை என்று வாதிடுவது தவறு. பாகுபாட்டைக் காட்டி, முயல்வதில் பயனில்லை என்று பிள்ளைகளிடம் சொல்வதும் தவறே.

அரபியருக்கும் அரபியர் அல்லாதாருக்கும் இடையே பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று இறுதி ஹஜ்ஜில் அறிவித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நமக்கு அநீதி இழைக்கப்படும்போது கல்வியாலும் சட்டத்தாலும் பொறுமையாலும் அதை எதிர்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதே வேளையில், நம் ஊர்களுக்குப் பிழைப்புத் தேடி வரும் எளியவர்களை எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதையும் அவர்கள் முன்னிலையில் கவனிப்போம். பிள்ளைகள் நம் நாவிலிருந்தே பிறரை அளக்கக் கற்கிறார்கள். நீதியின்மீது உறுதியாக நிற்கும் மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.