கடைசி வரிசையின் வரலாறு: பெங்களூரும் உடற்பயிற்சிக் கூச்சமும்

பெங்களூரில் மாலை நேர உடற்பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு முதன்முறையாக வரும் பருத்த உடலினர் பெரும்பாலும் கடைசி வரிசையில், கதவுக்கு அருகில், கண்ணாடிச் சுவரில் தம் உருவம் முழுமையாகத் தெரியாத இடத்தில் நிற்பார். தளர்வான சட்டையைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டுக்கொள்வார். வகுப்பில் சேருமுன் சில வாரங்கள் வீட்டிலேயே நடந்து கொஞ்சம் இளைத்துக்கொள்ள முயன்றிருக்கவும் கூடும். இளைப்பதற்கான இடத்துக்குச் செல்ல முதலில் இளைக்க வேண்டும் என்னும் இந்த விந்தையான தர்க்கம் தனிமனிதரின் பலவீனமாகவே பேசப்படுகிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி பெங்களூரிலேயே நிகழ்ந்தது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். தமிழில் 'கூச்சம்' என்பது உடலிலிருந்து பிறந்த சொல். வெளிச்சத்தில் கண் கூசுகிறது. புளிப்பில் பல் கூசுகிறது. தொட்டால் விலா கூசுகிறது. பிறகுதான் மனம் கூசுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் வழங்கும் 'சங்கோசம்', 'சங்கோச்ச' ஆகியவற்றின் வடமொழி மூலத்துக்குச் சுருங்குதல் என்று பொருள். கடைசி வரிசையில் நிற்பவர் செய்ய முயல்வது சொல்லளவில் அதுவேதான். இதற்கு நேரெதிராக, 'உடம்பு தேறியிருக்கிறது' என்பது நேற்றுவரை நற்செய்தியாக இருந்தது. 'இளைத்துப்போய்விட்டாயே' என்பது அக்கறையின் குரல். அதே மொழிதான் 'கொழுப்பு' என்ற சொல்லைத் திமிருக்கும் வழங்கியது. ஆகவே, நம் மரபு பருத்த உடலைக் கொண்டாடியது என்றோ இழித்தது என்றோ ஒற்றை வரியில் முடிப்பவர்கள் அகராதியைப் பாதியில் மூடிவிட்டவர்கள்.

பழைய பெங்களூரின் பேட்டைப் பகுதியில் உடற்பயிற்சி என்பது 'கரடி மனை'யைச் சேர்ந்தது. கன்னடத்தில் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்துக்கு அதுவே பெயர். காட்டு விலங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. செம்மண் குழி, கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, ஓர் ஆஞ்சநேயர் படம். அங்கே உடல் கோவணம் தவிர முற்றிலும் வெளிப்பட்டே இருந்தது. எனினும் கனத்த உடல் அவமானமாகக் கருதப்படவில்லை. பயில்வானின் எடை அவர் உண்ட பாலுக்கும் நெய்க்கும் சாட்சி. புதிதாக வருபவன் பெரும்பாலும் தெருவில் தெரிந்த சிறுவன். உஸ்தாதின் பொறுப்பில் விடப்பட்டவன். அந்நியர் நடுவே நிற்கும் அனுபவம் அவனுக்கு நேர்வதில்லை. இதை இலட்சியமாக்கத் தேவையில்லை. அந்தக் குழி பெண்களுக்குரியதாக இருக்கவில்லை.

இந்த ஒழுங்கு மாறத் தொடங்கியதற்கு ஒரு புகைப்படக் கருவி பெரிதும் காரணம். பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ 1897இல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். 1901இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உடலழகுப் போட்டி நடத்தினார். நடுவர்களுள் ஒருவர் ஆர்தர் கோனன் டாயில். கிரேக்கச் சிலைகளின் அளவுகளே அவருக்கு இலக்கணம். எவ்வளவு எடை தூக்க முடியும் என்பதைவிட, உடல் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதே இப்போது கேள்வியாயிற்று. 1904–05இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அஞ்சல் அட்டைகளாகவும் இதழ்ப் படங்களாகவும் அவர் உருவம் அதைவிட நெடுங்காலம் இங்கே சுற்றியது.

பெங்களூரில் அந்த மரபின் முதன்மையான வாரிசு கே.வி. ஐயர் என்னும் கோலார் வெங்கடேச ஐயர். 1920களில் இந்நகரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடத்தை நடத்தினார். 1930இல் 'மசில் கல்ட்', 1936இல் 'பெர்ஃபெக்ட் ஃபிசீக்' ஆகிய நூல்களை எழுதினார். பின்னாளில் 'ரூபதர்சி', 'சாந்தலா' ஆகிய கன்னட நாவல்களையும் எழுதிய அபூர்வ மனிதர். பளிங்குச் சிலைபோல் ஒளியமைத்து எடுக்கப்பட்ட தம் படங்களை அவர் வெளிநாட்டு இதழ்களிலும் வெளியிட்டார். யோகாச்சாரியர் சுந்தரத்தோடு இணைந்தும் பணியாற்றினார். சுந்தரத்தின் 'யோகிக் ஃபிசிக்கல் கல்ச்சர்' நூல் 1920களின் இறுதியில் பெங்களூரிலேயே வெளிவந்தது. ஆசனங்களும் பளுதூக்கலும் ஒரே மேடையில் நின்ற காலம் அது.

ஐயரின் பணிகளுள் வரலாற்றாசிரியர்கள் சற்று வேகமாகக் கடந்துபோகும் ஒன்று அவர் நடத்திய அஞ்சல்வழிப் பயிற்சி. தொலைவில் இருப்பவர்களுக்கு அது வசதி என்பது உண்மை. ஆனால் சாண்டோ முதல் அமெரிக்காவின் சார்லஸ் அட்லஸ் வரை, அஞ்சல்வழி உடற்பயிற்சி விற்றது தொலைவை வெல்லும் வழியை மட்டுமன்று. கதவைத் தாழிட்டுக்கொள்ளும் உரிமையையும் அது விற்றது. மாணவர் தம் அறையில், கண்ணாடி முன், அளவு நாடாவோடு தனியே நிற்கலாம். எவரும் பார்க்கமாட்டார்கள். ஆயினும் மார்பு, இடை, தொடை அளவுகளை ஒரு படிவத்தில் நிரப்பவேண்டும். பக்கத்திலேயே ஆசிரியரின் குறையற்ற படம் இருக்கும். பிறர் பார்வையிலிருந்து தப்பியவர் அந்தப் பார்வையைத் தமக்குள் குடியேற்றிக்கொண்டார். இந்தக் கூச்சத்தின் நவீன வடிவம் உருவான இடங்களுள் இந்தத் தாழிட்ட அறையும் ஒன்று எனத் துணிந்து சொல்லலாம்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. 1930களின் இந்திய இளைஞர் கூசியது பெரும்பாலும் தொந்திக்காக அன்று, மெலிவுக்காக. இந்திய ஆண்மகன் வலுவற்றவன் என்று மெக்காலே முதலானோர் எழுதிய இழிமொழி தேசியவாதிகளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியிருந்தது. அட்லஸின் விளம்பரமும் நோஞ்சானின் துயரத்தையே காட்டியது. கூச்சத்தின் வடிவம் அப்படியே இருக்க, அதன் பொருள் பின்னர் மாறியது. கெட்லே வகுத்த விகிதத்துக்கு ஏன்சல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் 1972இல் 'உடல் நிறை குறியீட்டெண்' என்று பெயரிட்டனர். 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள், இந்தியர்க்கு 23க்கு மேல் மிகை எடை, 25க்கு மேல் உடற்பருமன் என எல்லையைக் கீழிறக்கினர். நீரிழிவு அபாயத்தைக் கருதினால் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் மருத்துவமனைச் சுவரில் இருந்த எண் விரைவிலேயே உடற்பயிற்சிக்கூட வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது.

ஐயரின் படங்களுக்கு எதிர்முனையில் அதே மண்ணின் இன்னோர் உடல் நிற்கிறது. பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் கோலார் மாவட்டத்துப் பெள்ளூரில், இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயின் நடுவே பிறந்தார். ஐந்து வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தந்தை மறைந்தார். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் ஆகியவை அவரை மாறிமாறி வாட்டின. மெலிந்த கைகால்கள், துருத்திய வயிறு, நிமிர்த்த முடியாத தலை என்றே தம் இளமைத் தோற்றத்தை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1934இல் மைசூருக்கு, தமக்கையின் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் சென்றார். ஜகன்மோகன் அரண்மனையின் யோகசாலையில் பிற மாணவர்கள் எளிதில் வளைந்தனர். ஐயங்காரோ குனிந்தால் விரல்கள் முழங்காலைத் தாண்டாதவர். குருவும் தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. வகுப்பில் பொருந்தாத உடலோடு நிற்பதன் வலியை உள்ளிருந்து அறிந்தவர் என இவரைத் தயங்காமல் குறிப்பிடலாம்.

1937இல் புனே சென்று கற்பிக்கத் தொடங்கிய அவர், காலப்போக்கில் மரக்கட்டை, வார், கயிறு, மடித்த போர்வை, சாதாரண இரும்பு நாற்காலி ஆகியவற்றை வகுப்புக்குள் கொண்டுவந்தார். கை தரையைத் தொடவில்லையா? தரையை ஒரு கட்டையின் உயரத்துக்கு மேலே கொண்டுவந்தால் போயிற்று. உடலைத் திருத்துமுன் அறையைத் திருத்தும் இந்த அணுகுமுறையின் பெறுமதி இன்னும் முழுமையாக மதிப்பிடப்படவில்லை. ஆனால் முரண் இல்லாமலில்லை: 1966இல் வெளிவந்த அவருடைய 'லைட் ஆன் யோகா' நூலின் ஏறத்தாழ 600 படங்கள் உலகெங்கும் எத்தனையோ தொடக்கநிலையாளரை அச்சுறுத்தியிருக்கும். ஐயரின் படங்கள் செய்த வேலையை அவையும் செய்தன. நாற்காலி வந்து சேருமுன் படம் வந்துவிடுகிறது.

உளவியல் இக்கூச்சத்துக்கு 1989இல் ஓர் அளவுகோல் வகுத்தது. ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி ஆகிய மூவர் அதை 'சமூக உடலமைப்புப் பதற்றம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 2000இல் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை பலரும் அறிந்தது: சங்கடமான படம் பொறித்த பனியனை அணிந்து அறைக்குள் நுழைந்த மாணவர்கள், ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பர் என எண்ணினர், உண்மையில் கவனித்தவர் கால்வாசிப் பேரே. 'யாரும் உங்களைப் பார்ப்பதில்லை' என்று புதியவரைத் தேற்றுவோர் இதையே மேற்கோள் காட்டுகின்றனர். அத்தேறுதல் அரைகுறையானது. பனியனைக் கழற்றிவிடலாம். பருத்த உடலினருக்கோ பயிற்சி உடை அவர் அளவில் கிடைப்பதில்லை. பயிற்றுநர் கேட்காமலே எடைக்குறைப்புக் கணக்குச் சொல்கிறார். அருகில் நிற்பவர் பாராட்டும் குரலில் இரக்கம் கசிகிறது. கற்பனைப் பார்வையோடு மெய்யான பார்வையும் இருக்கிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல். அதாவது கடைசி வரிசையில் நிற்பவர் நகரத்தின் விதிவிலக்கு அல்லர். விதிவிலக்காக அவரைக் காட்டுவது அந்த அறையின் அமைப்பும் முன்வரிசையின் தேர்வும்தான். 2016இல் பெங்களூரில் தொடங்கிய கியூர்ஃபிட் போன்ற நிறுவனங்கள் குழு வகுப்பைத் தொழில்நுட்ப நகரத்தின் அன்றாடமாக்கின. செயலியில் இடம் பதிவு செய்து, முன்பின் அறியாத இருபது பேரோடு ஒரு மணிநேரம் வியர்க்கும் பழக்கம் பரவியது. உஸ்தாது இல்லை, தெருவும் இல்லை.

2020 மார்ச்சில் கூடங்கள் மூடப்பட்டபோது வகுப்புகள் திரைக்கு மாறின. மாணவர் மீண்டும் தம் அறையில், தாழிட்ட கதவுக்குப் பின்னே, ஆசிரியரின் படத்தின் முன் தனியே நின்றார். ஹெர்குலிஸ் கூடத்தின் அஞ்சல் உறை செய்த வேலையை இப்போது ஒரு பொத்தான் செய்தது: கேமராவை அணைத்துவைக்கலாம். கூடங்கள் திறந்த பிறகும் பல வகுப்புகள் திரையிலேயே தொடர்கின்றன. அவற்றில் கறுப்புக் கட்டங்களாகத் தெரிபவர்களுள் எத்தனை பேர் நெருக்கடியான சாலையைத் தவிர்க்கிறார்கள், எத்தனை பேர் கண்ணாடிச் சுவரைத் தவிர்க்கிறார்கள் என்பதைத் திரை பிரித்துக் காட்டுவதில்லை.